கதிரியக்கத்தால் சிதையும் படிகம் எப்படிச் சரியான வயதைச் சொல்கிறது?

நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் வைத்துக்கொள்கிறேன். பெர்மியன் காலத்தின் இறுதியில் கடல்வாழ் இனங்களில் பெரும்பாலானவற்றைத் துடைத்தழித்த பேரழிவு 25 கோடியே 19 லட்சம் ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது என்றும், அந்தக் கணக்கு நாற்பதாயிரம் ஆண்டுகளுக்கு மேல் முன்பின் ஆகாது என்றும் புவியியலாளர்கள் சொல்கிறார்கள். அந்த வயதைத் தருவது சிர்க்கான் என்னும் கனிமம். அதே சிர்க்கான் தன்னுள் அடங்கிய யுரேனியத்தின் கதிரியக்கத்தால் உள்ளிருந்தே சிதைகிறது என்றும் படிக்கிறோம். சிதைந்துகொண்டே ஓடும் கடிகாரம் காட்டும் நேரத்தை எப்படி நம்புவது என்பது உங்கள் கேள்வி.

நியாயமான ஐயம்தான். கடிகாரம் ஓடுவது அணுக்கருவுக்குள். அங்கே வெப்பமோ அழுத்தமோ அமிலமோ எட்டிப்பார்ப்பதில்லை. கெடுவதெல்லாம் கடிகாரத்தின் உறை, அதாவது அணுக்களைப் பிடித்துவைத்திருக்கும் படிகம். அந்த உறை எங்கே, எந்த அளவில், எந்த வரிசையில் கெடுகிறது என்பதைப் பொருளறிவியல் விளக்கிய பிறகே நீங்கள் குறிப்பிட்ட துல்லியம் கைகூடியது. சிதைவைப் புறக்கணித்து வந்த எண் அன்று அது. சிதைவையே கருவியாக்கி எடுத்த எண்.

சிர்க்கான் என்பது சிர்க்கோனியம், சிலிக்கான், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்த ஒரு சிலிக்கேட். பாறைக் குழம்பு குளிரும்போது அது மிகச் சிறிய மணிகளாகப் படிகமாகிறது. பெரும்பாலான மணிகளின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அதன் படிகக் கூட்டில் சிர்க்கோனியம் அமரும் இடத்துக்கு நான்கு நேர்மின்சுமை கொண்ட அயனி வேண்டும். சிர்க்கோனியம் அயனியின் ஆரம் 0.84 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு). யுரேனியத்துக்கும் அதே நான்கு மின்சுமை, ஆரம் ஏறத்தாழ 1 ஆங்ஸ்ட்ராம்; சற்று நெருக்கியடித்துக்கொண்டு நுழைந்துவிடுகிறது. ஈயத்துக்கு இரண்டே மின்சுமை, ஆரம் 1.29 ஆங்ஸ்ட்ராம்; அளவும் பொருந்தாது, மின்சுமையும் பொருந்தாது. ஆகவே சிர்க்கான் மணி பிறக்கும்போதே யுரேனியத்தை உள்ளே விட்டு, ஈயத்தை வெளியே நிறுத்திவிடுகிறது. பின்னாளில் அந்த மணிக்குள் காணப்படும் ஈயம் ஏறத்தாழ முழுவதும் அங்கேயே யுரேனியத்திலிருந்து பிறந்தது என்று கொள்ள முடிவதற்கு இதுவே காரணம். ஒரு தொட்டியில் எவ்வளவு நீர் சேர்ந்திருக்கிறது என்பதை வைத்துக் காலத்தைக் கணக்கிட வேண்டுமானால், தொடக்கத்தில் தொட்டி காலியாக இருந்தது என்பது தெரிந்தாக வேண்டும். சிர்க்கானில் அது வேதியியலே தரும் உறுதி. தப்பித் தவறி நுழைந்த சிறிதளவு ஈயத்தைக்கூட ஈயம்-204 காட்டிக்கொடுத்துவிடும், ஏனெனில் அந்த ஐசோடோப்பு, அதாவது ஈயத்தின் அந்த எடை வகை, எந்தக் கதிரியக்கச் சிதைவிலும் பிறப்பதில்லை.

இந்த மணிக்குள் ஓடுவது ஒரு கடிகாரமன்று, இரண்டு. யுரேனியம்-238 எட்டு ஆல்ஃபா துகள்களையும் ஆறு பீட்டா துகள்களையும் உமிழ்ந்து ஈயம்-206 ஆகிறது. அதன் அரை ஆயுள், அதாவது இருப்பதில் பாதி சிதைய ஆகும் காலம், 446.8 கோடி ஆண்டுகள். யுரேனியம்-235 ஏழு ஆல்ஃபா, நான்கு பீட்டா உமிழ்வுகளுக்குப் பின் ஈயம்-207 ஆகிறது. அதன் அரை ஆயுள் 70.4 கோடி ஆண்டுகள். வேதியியல் அடிப்படையில் இரண்டும் ஒரே யுரேனியம், ஒரே ஈயம். படிகத்தில் ஒரே இடத்தில் அமர்ந்திருப்பவை. ஆனால் ஓடும் வேகம் வேறு. இரண்டும் ஒரே வயதைச் சொன்னால் மணி தொடக்கம் முதல் மூடியே இருந்திருக்கிறது என்று பொருள். 1956-ல் ஜார்ஜ் வெதரில் இந்த ஒப்பீட்டை ஒரு வரைபடமாக்கினார். இரு கடிகாரங்களும் ஒத்துப்போகும் புள்ளிகள் அனைத்தும் அதில் ஒரு வளைகோட்டின்மேல் அமையும். அந்தக் கோட்டைக் கான்கார்டியா என்கிறோம். ஈயத்தை இழந்த மணி அந்தக் கோட்டிலிருந்து விலகி விழும்.

அணுக்கருவின் வேகம் அன்றும் இதேதானா என்று அடுத்துக் கேட்கத் தோன்றும். இரட்டைக் கடிகாரமே அதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. ஆல்ஃபா சிதைவின் வேகம் வெளியேறும் துகளின் ஆற்றலோடு மிகக் கடுமையாக மாறுவது. ஆற்றல் சிறிதளவு கூடினாலே அரை ஆயுள் பல மடங்கு குறைந்துவிடும். ஆகவே இயற்கையின் மாறிலிகள் ஏதோவொரு காலத்தில் வேறாக இருந்திருந்தால், இரண்டு யுரேனியங்களின் வேகமும் ஒரே விகிதத்தில் மாறியிருக்க வழியில்லை. பழம்பாறைகளில் இரு கடிகாரங்களும் ஒன்றையொன்று மறுத்துக்கொண்டிருக்கும். அவை மறுக்கவில்லை. இன்னொரு சான்று ஆப்பிரிக்காவின் காபோன் நாட்டில் உள்ள ஓக்லோ யுரேனியப் படிவம். அங்கிருந்து வந்த யுரேனியத்தில் 235-இன் பங்கு வழக்கமான 0.7202 விழுக்காட்டுக்குப் பதில் 0.7171 விழுக்காடு மட்டுமே இருப்பதை 1972-ல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் கண்டார்கள். ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகளுக்கு முன், 235-இன் பங்கு 3 விழுக்காட்டுக்கு மேல் இருந்த காலத்தில், நிலத்தடி நீரின் துணையோடு அங்கே இயற்கையான அணுப்பிளவுத் தொடர்வினை நடந்திருந்தது. அதன் மிச்சங்களில் சமாரியம்-149 எந்த அளவுக்கு நியூட்ரான்களை விழுங்கியிருக்கிறது என்பதைப் பார்த்தால், அணுக்கருவை ஆளும் விசைகள் அன்றும் இன்றைய அளவிலேயே இருந்தன என்று தெரிகிறது. வானத்திலும் ஒரு சாட்சி உண்டு. 1987-ல் தென்பட்ட, ஏறத்தாழ ஒன்றே முக்கால் லட்சம் ஒளியாண்டு தொலைவில் இருந்த மீயொளிர் விண்மீன் வெடிப்பின் ஒளி, கோபால்ட்-56-இன் 77 நாள் அரை ஆயுளுக்கு ஏற்பவே மங்கியது. அந்த ஒளி அங்கிருந்து புறப்பட்டது ஒன்றே முக்கால் லட்சம் ஆண்டுகளுக்கு முன்.

ஆக, கடிகாரத்தைப் பற்றிக் கவலையில்லை. உறைக்கு வருவோம்.

ஒரு யுரேனியம்-238 அணு சிதையும் நொடியை அருகிலிருந்து பார்ப்போம். 4.2 மெகா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலோடு ஆல்ஃபா துகள் ஒரு பக்கம் பாய்கிறது. அது படிகத்துக்குள் பத்து முதல் இருபது மைக்ரோமீட்டர் வரை ஓடுகிறது என்றாலும், தன் ஆற்றலின் பெரும்பகுதியை எலக்ட்ரான்களைக் கிளறுவதிலேயே செலவிட்டுவிடுகிறது. வழியில் அது இடம்பெயர்க்கும் அணுக்கள் நூற்றுக்கணக்கில்தான். உண்மையான சேதம் எதிர்ப்பக்கம் நடக்கிறது. சுட்ட துப்பாக்கி பின்னால் உதைப்பதைப் போல, மிஞ்சிய தோரியம்-234 அணுக்கரு ஏறத்தாழ 72 கிலோ எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலோடு பின்னோக்கித் தள்ளப்படுகிறது. கனமானது, மெதுவானது, எலக்ட்ரான்களை ஊடுருவிச் செல்லத் தெரியாதது. எனவே எதிரே வரும் அணுக்களை நேரடியாக மோதித் தள்ளுகிறது. தள்ளப்பட்டவை மற்றவற்றைத் தள்ளுகின்றன. இருபது, முப்பது நானோமீட்டருக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. ஒரு நொடியின் கோடியில் ஒரு பங்குக்கும் மிகக் குறைவான அந்த நேரத்தில் அச்சிறு பகுதி உருகியதற்கு ஒப்பான நிலைக்குப் போய், உடனே உறைந்து, ஒழுங்கற்ற கண்ணாடி போல ஆகிவிடுகிறது. 2007-ல் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு முறையில் எண்ணிப் பார்த்தபோது, ஒவ்வோர் ஆல்ஃபா சிதைவுக்கும் ஏறத்தாழ 5000 அணுக்கள் நிலையாக இடம்பெயர்கின்றன என்று தெரிந்தது. அதற்கு முன் கணினி உருவகப்படுத்தல்கள் சொல்லிவந்த எண்ணிக்கை இதைவிடக் குறைவு.

ஒரு மணிக்கு இதைப் பெருக்கிப் பார்ப்பது பயனுள்ளது. நூறு மைக்ரோமீட்டர் நீளமும் ஐம்பது மைக்ரோமீட்டர் அகலமும் கொண்ட மணியின் எடை ஒரு மைக்ரோகிராமுக்குச் சற்று மேல். அதில் பத்து லட்சத்தில் 200 பங்கு யுரேனியம் என்று வைத்துக்கொள்வோம். இது சாதாரணமான அளவே. 25 கோடி ஆண்டுகளில் அந்த மணிக்குள் ஏறத்தாழ இருபதாயிரம் கோடி ஆல்ஃபா உமிழ்வுகள் நடந்திருக்கும். கேட்க மலைப்பாக இருந்தாலும், மணியின் மொத்த அணுக்களோடு ஒப்பிட்டால் இடம்பெயர்ந்தவை நூற்றுக்கு ஏறத்தாழ நான்குதான். அதாவது இந்த மணி காயம்பட்டது, ஆனால் இன்னும் படிகம். யுரேனியம் பத்து மடங்கு கூடுதலாக இருந்தாலோ, வயது பத்து மடங்கு கூடினாலோ கதை மாறிவிடும்.

எப்படி மாறும் என்பதை இலங்கையின் சிர்க்கான்கள் காட்டின. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகள் பழமையான அந்தக் கற்கள் யுரேனியத்தின் அளவில் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபடுபவை. ஒரே வயது, வெவ்வேறு கதிரியக்க அளவு என்பதால் ஆய்வுக்கு அவற்றைவிடப் பொருத்தமான தொகுப்பு கிடைப்பது அரிது. 1955-ல் ஹாலண்ட், காட்ஃபிரைட் இருவரும் அவற்றை வரிசைப்படுத்தி ஆராய்ந்தபோது, கதிர்வீச்சு அளவு கூடக் கூடக் கல்லின் அடர்த்தி 4.7-இலிருந்து 4-ஐ ஒட்டிய மதிப்புக்கு இறங்குவதைக் கண்டார்கள். படிக ஒழுங்கை முற்றிலும் இழந்த சிர்க்கான் தன் பருமனில் ஏறத்தாழ 18 விழுக்காடு வீங்கிவிடுகிறது. வெளித்தோற்றத்தில் படிகத்தின் முகங்களும் விளிம்புகளும் அப்படியே இருக்கும், உள்ளே கண்ணாடி. இந்நிலைக்கு மெட்டாமிக்ட் என்ற பெயரை நார்வே கனிமவியலாளர் ப்ரோகர் 1893-லேயே வைத்துவிட்டார். கதிரியக்கம் கண்டுபிடிக்கப்பட்டதே 1896-ல்தான் என்பதால், காரணம் தெரியாமலே நோய்க்குப் பெயர் வைத்தவர் என்று அவரைச் சொல்லலாம். பிற்காலத்தில் அணுக்கழிவுகளைச் சேமிக்க ஏற்ற பொருளைத் தேடியவர்கள், 87.7 ஆண்டு அரை ஆயுள் கொண்ட புளூட்டோனியம்-238-ஐச் செயற்கைச் சிர்க்கானில் கலந்து, இயற்கையில் கோடிக்கணக்கான ஆண்டுகள் பிடிக்கும் இதே சிதைவைச் சில ஆண்டுகளில் ஆய்வகத்தில் நடத்திக் காட்டினார்கள். வீக்கம், அடர்த்திக் குறைவு எல்லாம் இயற்கைக் கற்களில் கண்டதை ஒட்டியே அமைந்தன.

வயதுக் கணிப்புக்கு முக்கியமானது சேதத்தின் மொத்த அளவைவிட அது பரவியிருக்கும் விதம். காகிதத்தில் மைத்துளிகளைத் தெளித்துக்கொண்டே போனால் தொடக்கத்தில் அவை தனித்தனித் தீவுகளாக இருக்கும்; ஒரு கட்டத்துக்குப் பின் ஒன்றோடொன்று தொட்டு, காகிதத்தின் ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்பு வரை அறுபடாத பாதை உருவாகிவிடும். சிர்க்கானில் ஒழுங்கற்ற பகுதி ஏறத்தாழ 30 விழுக்காட்டை எட்டும்போது இது நிகழ்கிறது. அதுவரை ஒவ்வொரு சேதத் தீவும் நல்ல படிகத்தால் சூழப்பட்டிருப்பதால், அதற்குள் இருக்கும் ஈயத்துக்கு வெளியேற வழியில்லை. பாதை திறந்த பிறகு நிலத்தடி நீர் உள்ளே வரும், ஈயம் வெளியே போகும். யுரேனியம் செறிந்த பட்டைகள் வீங்கி, பக்கத்தில் இருக்கும் நல்ல பட்டைகளை விரிசல் விடச் செய்வதும் உண்டு. ஆகவே ஒரே மணிக்குள் அப்பழுக்கற்ற பகுதியும் ஓட்டைப் பாத்திரமான பகுதியும் மைக்ரோமீட்டர் இடைவெளியில் அடுத்தடுத்து அமைந்திருக்கும்.

முழு மணியையும் கரைத்து அளந்தால் இவ்விரண்டின் கலவைதான் கிடைக்கும். வயது உண்மையைவிடக் குறைவாக வரும். கான்கார்டியா இதைக் காட்டிக்கொடுக்காதா என்று கேட்டால், 200 கோடி, 300 கோடி ஆண்டுப் பாறைகளில் காட்டிக்கொடுக்கும். 25 கோடி ஆண்டுப் பாறையில் காட்டிக்கொடுக்காது. அந்த வயதுப் பகுதியில் வளைகோடு ஏறத்தாழ நேர்கோடாகவே இருக்கிறது. சமீப காலத்தில் ஈயத்தை இழந்த மணியின் புள்ளி அந்தக் கோட்டை ஒட்டியே கீழே சறுக்கி, பிழையின் எல்லைக்குள் ஒத்துப்போவது போலவே தோன்றும். இரு கடிகாரங்களும் ஒரே பொய்யைச் சொல்லும் நிலை இது. உங்கள் ஐயத்தின் கூர்மையான வடிவம் இதுதான். பல ஆண்டுகள் துறையைத் தடுத்து நிறுத்தியதும் இதுவே.

முதல் தீர்வு எந்திர வகைப்பட்டது. யுரேனியம் பெரும்பாலும் மணியின் வெளிப்பட்டைகளில் செறிந்திருப்பதால், அவற்றைத் தேய்த்து நீக்கிவிடலாம் என்று டொரண்டோவில் பணியாற்றிய தாமஸ் க்ரோ 1982-ல் காட்டினார்; ஒரு சிறு அறைக்குள் காற்றோட்டத்தில் மணிகளைச் சுழலவிட்டுச் சுவரில் உரசவைக்கும் முறை அது. நன்றாகவே பலன் தந்தது, ஆனால் உள்பட்டைகளில் இருக்கும் சேதத்தை அது எட்டாது. சேதமான பகுதி அமிலத்தில் எளிதில் கரையும், நல்ல படிகம் கரையாது என்பதால் அமிலத்தில் ஊறவைக்கும் யோசனையும் பழையதே. அதில் ஒரு சிக்கல் இருந்தது. இலேசாகக் காயம்பட்ட பகுதிகளிலிருந்து அமிலம் யுரேனியத்தையும் ஈயத்தையும் வெவ்வேறு வேகத்தில் உறிஞ்சிவிடும். எஞ்சிய மணியில் விகிதமே கெட்டுப்போகும். மருந்தே நோயாகும் நிலை.

2005-ல் கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில் ஜேம்ஸ் மேட்டின்சன் வெளியிட்ட தீர்வு, என் மதிப்பில், இத்துறையின் மிக அழகான சிந்தனைகளுள் ஒன்று. அமிலத்தில் இடுவதற்கு முன் மணிகளை 900 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 60 மணி நேரம் சூடாக்க வேண்டும். அந்த வெப்பத்தில் இலேசான காயங்கள் ஆறி, அணுக்கள் தங்கள் இடங்களுக்குத் திரும்புகின்றன. கடுமையாகச் சிதைந்து ஈயத்தை இழந்த பகுதிகள் பழைய படிகமாக மீளாமல், அமிலத்துக்கு எளிதில் இரையாகும் நிலையிலேயே தங்கிவிடுகின்றன. நம்பத்தக்க பகுதிக்கும் நம்பத்தகாத பகுதிக்கும் நடுவே மங்கலாக இருந்த எல்லையை வெப்பம் தெளிவாக்கிவிடுகிறது. பிறகு அமிலம் எதைத் தின்ன வேண்டுமோ அதை மட்டும் தின்கிறது. 900 டிகிரியில் நல்ல பகுதியிலிருந்தே ஈயம் கசியாதா என்ற அச்சத்துக்கும் இடமில்லை. ஆய்வகத்தில் அளக்கப்பட்ட விரவல் வேகத்தை வைத்துக் கணக்கிட்டால், 60 மணி நேரத்தில் ஓர் ஈய அணு நல்ல சிர்க்கானில் ஓர் அணுவின் அகலத்தைக்கூட நகராது.

நடைமுறையில் இது இப்படி நடக்கும். எரிமலைச் சாம்பல் அடுக்கிலிருந்து எடுத்த களியைக் கரைத்து, கனமான கனிமங்களைப் பிரித்து, நுண்ணோக்கியின் கீழ் நுண்ணிய இடுக்கியால் மணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்குகிறார்கள். எரிமலை வெடிப்பின்போது புதிதாக வளர்ந்த, கூரான முனைகள் கொண்ட நீண்ட மணிகளுக்கே முன்னுரிமை. உருண்டு தேய்ந்தவை வேறு பழைய பாறையிலிருந்து வந்திருக்கக்கூடும். சூளையில் சூடாக்கிய பின் ஒவ்வொரு மணியும் தனித்தனி டெஃப்லான் குப்பியில் ஹைட்ரோஃபுளூரிக் அமிலத்தோடு அடைக்கப்பட்டு, 200 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் பல மணி நேரம் வைக்கப்படுகிறது. குப்பியைத் திறந்து பார்த்தால் சில சமயம் எதுவும் இருக்காது. அந்த மணி முழுவதுமே சேதமடைந்திருந்தது என்று பொருள். வேறு சில பூச்சி அரித்த பல் போலக் குழிகளோடு எஞ்சியிருக்கும். எஞ்சியதைக் கழுவி, எடை துல்லியமாகத் தெரிந்த ஈயம்-205 போன்ற செயற்கை ஐசோடோப்புகளைச் சேர்த்து, முழுவதுமாகக் கரைத்து, அணுக்களை எடைவாரியாகப் பிரித்து எண்ணும் நிறை நிறமாலைமானியில் அளக்கிறார்கள். நான் மேலே எடுத்துக்கொண்ட மணியில் 25 கோடி ஆண்டுகளுக்குப் பின், எஞ்சியிருக்கும் ஒவ்வோர் ஆயிரம் யுரேனியம்-238 அணுவுக்கும் ஏறத்தாழ 40 ஈயம்-206 அணுக்கள் இருக்கும். மொத்த ஈயம் எட்டு பிக்கோகிராம் அளவே, அதாவது ஒரு கிராமின் லட்சம் கோடியில் எட்டுப் பங்கு. காற்றிலும் நீரிலும் தோலிலும் இருக்கும் ஈயம் இதை எளிதில் மூழ்கடித்துவிடும். கிளேர் பேட்டர்சன் 1956-ல் விண்கற்களிலிருந்து பூமியின் வயதை 455 கோடி ஆண்டுகள் என்று வெளியிடுவதற்கு முன், தூசியற்ற ஆய்வகம் என்ற ஏற்பாட்டையே உருவாக்க வேண்டியிருந்ததும் இதனால்தான். இன்று நல்ல ஆய்வகங்களில் வெளியிலிருந்து கலக்கும் ஈயம் ஒரு பிக்கோகிராமுக்கும் குறைவு.

இம்முறையில்தான் சீனாவின் மெய்ஷான் பாறை அடுக்குகள் அளக்கப்பட்டன. பேரழிவைப் பதிவுசெய்த சுண்ணாம்புப் பாறைகளுக்கு இடையே மெல்லிய எரிமலைச் சாம்பல் அடுக்குகள் அங்கே உள்ளன. 2014-ல் வெளியான அளவீட்டின்படி அழிவு தொடங்கியது 25 கோடியே 19 லட்சத்து 41 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன். முடிந்தது 25 கோடியே 18 லட்சத்து 80 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன். ஒவ்வொன்றிலும் முப்பதாயிரம் முதல் நாற்பதாயிரம் ஆண்டு வரை பிழை. இடைப்பட்ட காலம் ஏறத்தாழ அறுபதாயிரம் ஆண்டுகள், அதில் 48 ஆயிரம் ஆண்டு முன்பின். சைபீரியாவில் பெருமளவில் எரிமலைக் குழம்பு பாய்ந்ததும் இக்காலத்தை ஒட்டியே என்பதும் இதே முறையில் தெரிந்ததே. மணிகளின் சேதத்தைச் சரிவர நீக்காமல் இருந்திருந்தால், சில லட்சம் ஆண்டு இளமையாகத் தோன்றும் மணிகள் கலந்து, அழிவு மெதுவாக நடந்ததா விரைவாக நடந்ததா என்ற கேள்வியையே கேட்க முடிந்திருக்காது.

மறுகோடியில், பூமியின் மிகப் பழைய மணிகளில் சிக்கல் வேறு. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ் குன்றுகளில் கிடைக்கும் சிர்க்கான்கள் சில 430 கோடி ஆண்டுகளுக்கும் மேலானவை. அவற்றின் ஆக்சிஜன்-18 அளவு, அவை பிறந்த குழம்பின் மூலப்பாறை ஏற்கனவே நீரோடு வினைபுரிந்திருந்தது என்பதைக் காட்டுகிறது. அவ்வளவு தொடக்கத்திலேயே பூமியின் மேற்பரப்பில் நீர் இருந்தது என்ற முடிவு இந்த மணிகளையே நம்பி நிற்கிறது. பத்து லட்சத்தில் 100 பங்கு யுரேனியம் மட்டுமே கொண்ட மணிகூட, 440 கோடி ஆண்டுகளில் சேதத் தீவுகள் இணையத் தொடங்கும் எல்லையைத் தொட்டுவிடும். இவை பிழைத்திருப்பதற்குக் குறைந்த யுரேனியமும், இடையிடையே வெப்பம் பட்டுக் காயங்கள் ஆறியதும் காரணங்கள். யுரேனியம் மிகுந்திருந்த அவற்றின் உடன்பிறப்புகள் இன்று இல்லை. நாம் காண்பது தேர்ந்து எஞ்சியவற்றை மட்டுமே என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

அந்த வெப்பம் ஈயத்தையும் நகர்த்தியிருந்தால்? இந்த மணிகளை அயனிக் கற்றையால் இருபது மைக்ரோமீட்டர் அகலப் புள்ளிகளில் அளக்கிறார்கள். ஈயம் ஓர் இடத்திலிருந்து விலகி இன்னோர் இடத்தில் குவிந்திருந்தால், குவிந்த இடம் உண்மையைவிட மூத்த வயதைக் காட்டும். இது வெறும் கற்பனை அன்று. கிழக்கு அண்டார்க்டிகாவின் சில சிர்க்கான்களில் ஈயம் நானோமீட்டர் அளவு உலோக உருண்டைகளாகவே திரண்டு, பொய்யான முதுமையைத் தந்திருக்கிறது. ஜாக் ஹில்ஸ் மணியில் அப்படி நடந்ததா என்பதை 2014-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஜான் வேலியும் குழுவினரும் அணுக்களை எண்ணியே சோதித்தார்கள். மணியிலிருந்து ஊசிமுனை போன்ற ஒரு துணுக்கைச் செதுக்கி, லேசர் துடிப்புகளால் அதன் நுனியிலிருந்து அணுக்களை ஒவ்வொன்றாகப் பறக்கவிட்டு, எந்த அணு எங்கிருந்து வந்தது என்பதை முப்பரிமாணத்தில் மீட்டெடுக்கும் கருவி அது. ஈயம் உண்மையிலேயே திரண்டிருந்தது, பத்து நானோமீட்டர் அளவுள்ள குட்டிக் குட்டித் தொகுதிகளாக. பின்னுதைப்பால் சிதைந்த பகுதியின் அளவும் ஏறத்தாழ அதுவே.

அந்தத் தொகுதிகளுக்குள் ஈயம்-207-க்கும் ஈயம்-206-க்கும் இடையிலான விகிதம் ஏறத்தாழ 1.2, வெளியே ஏறத்தாழ 0.3. தொடக்கக் காலத்தில் யுரேனியம்-235 மிகுந்திருந்ததால், அன்று பிறந்த ஈயத்தில் 207-இன் பங்கு அதிகம். 437 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 340 கோடி ஆண்டுகளுக்கு முன் வரை சேர்ந்த ஈயத்துக்குச் சமன்பாடு தரும் விகிதம் 1.2, அதற்குப் பின் இன்றுவரை சேர்ந்ததற்கு ஏறத்தாழ 0.29. நீங்களே அரை ஆயுள்களை வைத்துக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஆகவே மணி பிறந்து ஏறத்தாழ 100 கோடி ஆண்டுகள் கழித்து ஒருமுறை கடும் வெப்பம் பட்டது. அதுவரை சேர்ந்த ஈயம் அருகிலிருந்த காயங்களுக்குள் ஒதுங்கியது. பின் காயங்கள் ஆறின. அதற்குப் பின் பிறந்த ஈயம் பிறந்த இடத்திலேயே இருக்கிறது. நகர்ந்த தொலைவு நானோமீட்டர்களில், அளக்கும் புள்ளி மைக்ரோமீட்டர்களில் என்பதால் சராசரி கெடவில்லை, 437.4 கோடி என்ற வயதும் நின்றது. காயங்களே இரண்டாவது நாட்குறிப்பாக இருந்து, மணி பிற்காலத்தில் சூடான தேதியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டன.

இனி உங்கள் நாற்பதாயிரம் ஆண்டுக்குத் திரும்பினால், அதில் இரண்டு நிபந்தனைகள் ஒளிந்திருக்கின்றன. சிர்க்கான் சொல்வது தான் படிகமான நேரத்தை, எரிமலை வெடித்த நேரத்தை அன்று. குழம்பின் அறையில் மணிகள் வெடிப்புக்கு முன் பல்லாயிரம் ஆண்டுகள் காத்திருந்திருக்கலாம். துல்லியம் கூடக் கூட இந்தக் காத்திருப்பே பெரிய தொந்தரவாகிறது. ஓர் அடுக்கில் பல மணிகளை அளந்து, இளையவற்றின் கூட்டத்தை வெடிப்புக்கு நெருக்கமானதாகக் கொள்வது அதனால்தான். மற்றது அரை ஆயுளே. யுரேனியத்தின் அரை ஆயுள்களுக்கு இன்றும் நாம் சார்ந்திருப்பது 1971-ல் அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள் ஆல்ஃபா துகள்களை எண்ணி வெளியிட்ட அளவீட்டை. அதன் பிழை ஏறத்தாழ 0.1 விழுக்காடு. 25 கோடியில் 0.1 விழுக்காடு என்பது இரண்டரை லட்சம் ஆண்டுகள். பெர்மியன் முடிவின் வயதை, பொட்டாசியம் ஆர்கானாக மாறுவதை அளக்கும் வேறு வகைக் கடிகாரத்தோடு ஒப்பிடும்போது இந்த இரண்டரை லட்சத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரே முறையில் அளந்த இரண்டு சாம்பல் அடுக்குகளை ஒன்றோடொன்று ஒப்பிடும்போது அந்தப் பிழை இரண்டிலும் ஒரே திசையில் இருப்பதால் கழிந்துபோகிறது. நீங்கள் படித்த நாற்பதாயிரம் அந்த இரண்டாவது வகை ஒப்பீட்டுக்கு உரியது.